தேய்த்தால் போகாத கருப்பு

கழுத்தைச் சுற்றிக் கருப்புப் படிந்த பதினாறு வயதுப் பெண்ணிடம் நம் வீடுகளில் முதலில் சொல்வது, "நல்லா தேய்ச்சுக் குளி" என்பதுதான். பயத்தமாவு வரும், எலுமிச்சம்பழத் தோல் வரும், கடைசியில் மருந்துக்கடை க்ரீம் வரும். கருப்பு மட்டும் போகாது. அது அழுக்காக இருந்தால்தானே போவதற்கு? இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மேல் சுற்றும்போது கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கிறது. அதே பெண்ணுக்கு மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது; தாடையில் முடி முளைக்கிறது; சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லாமலே எடை ஏறுகிறது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்க வீட்டிலும் பள்ளியிலும் ஆளில்லை. எடை மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதைப் பற்றிப் பேச அத்தை முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை அத்தனை பேருக்கும் உரிமை இருக்கிறது. ஒரு நோயின் அறிகுறியை ஒரு பெண்ணின் குணக்கேடாகப் படிக்கும் இந்தப் பழக்கம்தான் அந்த நோய் வெளியே தெரியாமல் வளர முதல் காரணம் என்பது நம் வாதம்.

நம் பெண்கள் 'நீர்க்கட்டி' என்றும் 'பிசிஓடி' என்றும் சொல்லும் இந்தக் கோளாறு புதிதல்ல. சிகாகோ மருத்துவர்களான ஸ்டெயினும் லெவந்தாலும் 1935-லேயே இதை விவரித்துவிட்டார்கள். உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் 70 சதவீதம் வரை தமக்கு இருப்பதே தெரியாமல் வாழ்வதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு 18 முதல் 40 வயது வரையிலான பெண்களிடம் நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், நோயை வரையறுக்கும் அளவுகோலைப் பொறுத்து இந்த விகிதம் 7.2 முதல் 19.6 சதவீதம் வரை இருந்தது. பலருக்கு இதன் அடியில் ஓடுவது இன்சுலினின் சிக்கல். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது கணையம் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. கொழுப்பு சேரவும் வழி செய்கிறது. சேர்ந்த கொழுப்போ இன்சுலினை இன்னும் பயனற்றதாக்குகிறது. எடை இந்தச் சுழலின் விளைவாகவும் இருக்கிறது, சுழலை வேகப்படுத்தும் காரணமாகவும் இருக்கிறது. ஒல்லியான பெண்களுக்கும் இதே கோளாறு வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 'குண்டானவர்களுக்கு வரும் நோய்' என்ற எண்ணத்தால் அவர்களும் கண்டறியப்படாமல் போகிறார்கள்.

"எதற்கெடுத்தாலும் ஹார்மோன், தைராய்டு என்று சாக்குச் சொல்கிறார்கள்" என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவால் மட்டும் கூடும் எடை பொதுவாக இரண்டு முதல் நான்கரைக் கிலோவுக்குள்தான். அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கும் உப்பும் நீரும். இருபது கிலோவுக்குத் தைராய்டை மட்டும் கைகாட்ட முடியாது. ஆனால் சாக்கா, நோயா என்பதைச் சொல்ல வேண்டியது ஓர் இரத்தப் பரிசோதனை. அந்தத் தீர்ப்பைக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு யாரும் எழுத முடியாது.

கேலிக்கு வசதியும் புகழும் வேலி ஆகாது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த நடிகை வித்யா பாலன், தமக்கு நெடுங்காலமாக ஹார்மோன் பிரச்சினை இருந்ததையும், தம் எடை தேசியப் பிரச்சினை போலப் பேசப்பட்டதையும், அதனால் தம் உடலையே வெறுத்திருந்ததையும் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 'தி டர்ட்டி பிக்சர்' படத்துக்காக எடை கூட்டி நடித்துத் தேசிய விருது வாங்கியவர் அவர். வேடத்துக்காகக் கூட்டிய எடைக்குக் கைதட்டல், நோயால் கூடிய எடைக்கு ஏச்சு! 2025 நவம்பரில் சென்னையில் நடந்த படச் செய்தியாளர் சந்திப்பு ஒன்றில் நடிகை கௌரி கிஷனின் எடையைப் பற்றிய கேள்வி எழுந்தபோது, இது உருவக்கேலி என்று அவர் அங்கேயே எதிர்த்தார். அந்தத் துணிவு எல்லோருக்கும் வாய்க்காது. பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் பூசினாப்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்ணுக்கு மைக் கிடையாது. அவளுக்குக் கிடைக்கும் மருத்துவமும், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்பதுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு மருத்துவத் தரப்பிலிருந்து வருகிறது. உடல் பருமனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? தேசிய குடும்ப நல ஐந்தாவது கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 38.1 சதவீதப் பெண்களும் தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் அதிக எடை உள்ளவர்கள். 2023-ல் வெளியான தேசிய நீரிழிவு ஆய்வு கேரளத்தின் சர்க்கரை நோய் விகிதத்தை 25.5 சதவீதம் என்று சொன்னது. நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பும் அதிகம். ஐந்து சதவீத எடை குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. அப்படியிருக்க 'எடையைக் குறை' என்பதில் என்ன தவறு? அறிவுரையில் தவறில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இளக்காரத்தில்தான் தவறு. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, எடைக்காக இழிவுபடுத்தப்பட்டவர்கள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்று கண்டது. கேலி உடம்பை இளைக்க வைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023-ல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி நெறியும், எடையைப் பற்றிப் பேசுமுன் நோயாளியின் அனுமதியைக் கேளுங்கள், மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று பாருங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொல்கிறது. "முதல்ல வெயிட்டைக் குறைச்சுட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பப்படும் பெண் எடையைக் குறைத்துவிட்டா வருகிறாள்? பெரும்பாலும் வருவதே இல்லை.

வராத பெண் எங்கே போகிறாள்? விளம்பரத்திடம் போகிறாள். முப்பது நாளில் இளைக்க வைக்கும் பொடி, நீர்க்கட்டியைக் கரைக்கும் கஷாயம். உடல் பருமன், மாதவிடாய்க் கோளாறு, தைராய்டுக் கழலை ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்த ஊர்களில் பாலக்காடும் ஒன்று. மருந்து ஆய்வாளர் தொடுத்த வழக்கில் நாடறிந்த ஒரு நிறுவனத்தாருக்குப் பாலக்காடு நீதிமன்றம் 2025 தொடக்கத்தில் வாரண்ட் பிறப்பித்தது. அந்த முனைப்பு கைபேசித் திரையில் ஓடும் எடைக்குறைப்பு விளம்பரங்கள் மீதும் திரும்பட்டும்.

பாலக்காட்டைப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்தூர் வட்டத்தின் எருத்தேன்பதி, வடகரப்பதி போன்ற எல்லை ஊராட்சிகளிலும் இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலும் வீட்டுமொழி தமிழ், அரசு மொழி மலையாளம். மாதவிடாய் பற்றி அம்மாவிடமே தயங்கிச் சொல்லும் பெண், வேறு மொழியில் முழுதாகச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்க்க முடியாது. கேரள அரசின் ஆஷா பணியாளர்கள் 'ஷைலி' செயலியோடு வீடு வீடாகப் போய் வாழ்க்கைமுறை நோய்களைக் கணக்கெடுக்கிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அது 30 வயதைத் தாண்டியவர்களுக்கு. இந்தக் கோளாறோ பதின்வயதில் தொடங்கிவிடுகிறது. பதினாறில் கழுத்தில் தெரிந்த கருப்பை முப்பதில் சர்க்கரையாகப் பதிவு செய்துகொள்ள ஒரு செயலி எதற்கு? அதே ஆஷா அதே வீட்டில் இருக்கும் மகளிடம் மூன்றே கேள்விகள் கேட்கட்டும்: மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, கழுத்தில் கருப்பு உண்டா, முகத்தில் முடி கூடுகிறதா? 'ஆம்' என்றால் இன்சுலினும் தைராய்டும் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். எல்லைப் பஞ்சாயத்துகளிலும் தோட்டங்களிலும் இந்தக் கேள்விகள் தமிழில் கேட்கப்பட வேண்டும். பத்தியச் சீட்டில் ஓட்ஸும் கிவியும் இல்லாமல், ரேஷன் அரிசியை எவ்வளவு உண்பது, கூட எந்தப் பருப்பு, எந்தக் கீரை என்று இருக்க வேண்டும். கேரள சுகாதாரத் துறை ஷைலியின் வயது வரம்பைத் தளர்த்தி, சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.