அந்தக் குழந்தை ஏன் ஓடி வருகிறது?

சில ஆண்டுகளாக ஒரு வகைக் கட்டுரை தவறாமல் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் ஏராளம், இப்போது தமிழிலும் வரத் தொடங்கிவிட்டது. எழுதுகிறவர் கல்லூரி முடித்த விடுமுறையில் ஏதோ ஓர் ஏழை நாட்டின் அனாதை இல்லத்தில் இரண்டு மாதம் தொண்டு செய்திருப்பார். ஐந்தோ எட்டோ ஆண்டுகள் கழித்து, நல்ல உத்தியோகத்தில் அமர்ந்தபின், அதே இல்லத்துக்குத் திரும்பிப் போவார். வாசலில் இறங்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். 'என்னை நினைவிருக்குமா?' குழந்தைகள் ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள். எழுதுகிறவர் சற்றுத் தேர்ந்த கை என்றால், அவர் தேடிப்போன குழந்தைக்கு அவரை அடையாளம் தெரியாது; அந்தச் சிறு ஏமாற்றத்திலிருந்து வாழ்க்கையைப் பற்றி ஒரு தெளிவு பிறக்கும். இரண்டு முடிவுகளிலும் கண்ணீர் உண்டு. இரண்டிலும் அது எழுதியவரின் கண்ணீர்.

மிகையுணர்ச்சியைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. எத்தனையோ மோசமான கவிதைகளை மன்னித்த நமக்கு இது ஒரு பொருட்டல்ல. என் வழக்கு அக்கட்டுரைகளின் மையக் கேள்வியோடு. 'என்னை நினைவிருக்கிறதா?' என்று கேட்பவர், நினைவு வைத்திருக்கும் கடமையைக் குழந்தையின் தலையில் ஏற்றிவிடுகிறார். அந்த வாசலில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் வேறு. இந்தக் குழந்தையின் ஊர் எது? பெற்றவர்கள் இருக்கிறார்களா? இருந்தால், இது ஏன் இங்கே இருக்கிறது? எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே குழந்தை அதே கூடத்தில் அதே பாயில் படுத்திருக்கிறது என்பது ஒரு தோல்விச் செய்தி. அதை மறுசந்திப்பின் ஆனந்தமாக நம்மால் வாசிக்க முடிகிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

குழந்தைகள் ஓடி வருவதையே எடுத்துக்கொள்வோம். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால் நம் வீட்டு மூன்று வயதுப் பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒளிந்துகொள்ள அதற்கு ஒரு சேலை இருக்கிறது. இல்லத்துப் பிள்ளை வந்தவரின் காலைக் கட்டிக்கொள்கிறது. 'எத்தனை அன்பான குழந்தைகள்' என்று நாம் எழுதிக்கொள்கிறோம். பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கையிலிருந்து இந்தப் பொருள் ஆராயப்பட்டு வருகிறது. எழுபதுகளில் பார்பரா டிசார்டு இங்கிலாந்தின் காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார். அவை இருண்ட கொட்டடிகள் அல்ல. பொம்மைகளும் புத்தகங்களும் போதிய பணியாளர்களும் இருந்த இடங்கள். ஆனால் நான்கு வயதாவதற்குள் ஒரு குழந்தையைச் சராசரியாக ஏறத்தாழ 50 பேர் மாறி மாறிப் பராமரித்திருந்தார்கள். அக்குழந்தைகளிடம் அவர் கண்டவற்றில் ஒன்று, அந்நியரிடம் அளவு மீறிய ஒட்டுதல். 2000இல் புக்காரெஸ்ட் நகரில் தொடங்கிய ஆய்வு 136 இல்லக் குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பார்த்தது. அப்படிச் சேர்ந்தவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்பே சேர்ந்தவர்கள், ஓர் ஆளிடம் உறுதியாகப் பற்றுக்கொள்ளக் கற்றார்கள். கட்டுரையாளரை மலரச் செய்த அந்த ஓட்டம், ஆக, பல வேளைகளில் ஒரு காயத்தின் அடையாளம். இரண்டு மாதத் தொண்டர் அக்குழந்தைக்கு ஐம்பத்தொன்றாவது ஆள். திரும்பி வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும்போது அவரே மறுபடியும் பிரிகிறவர்.

வருகிறவர்களின் அன்பு இன்னொன்றையும் செய்கிறது. இல்லங்களுக்குக் குழந்தைகள் தேவைப்படுகிறார்கள். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே இவ்வகை இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்த ஆண்டுகளில் அங்கே போரும் இல்லை, பெரும் பஞ்சமும் இல்லை, சுற்றுலா இருந்தது. இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருந்தார்கள் என்று யுனிசெப் சொன்னது. ஆஸ்திரேலியா தன் 2018ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தையொட்டி, காசுக்காகக் குழந்தைகளை இல்லங்களுக்குக் கடத்துவதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாகப் பேசத் தொடங்கியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானமும் இந்தத் தொண்டுச் சுற்றுலாவைக் குறிப்பிட்டு எச்சரித்தது.

இவ்வகை எழுத்தில் எனக்கு மரியாதை உள்ள ஒரு நூல் உண்டு: கானர் கிரெனன் என்ற அமெரிக்கர் எழுதிய 'லிட்டில் பிரின்சஸ்'. 2004இல் காத்மாண்டுவுக்கு அருகே கோதாவரி என்ற ஊரின் இல்லத்துக்குத் தொண்டராகப் போனவர் அவர். மற்றவர்களைப் போல ஊர் சுற்றும் ஆசையில்தான் போனார், அதை மறைக்கவில்லை. அங்கே இருந்த பிள்ளைகள் அனாதைகள் அல்லர் என்பது பின்னால் தெரியவருகிறது. மாவோயிஸ்ட் போர்க்காலத்தில், 'உங்கள் மகனைக் காப்பாற்றிப் படிக்க வைக்கிறேன்' என்று ஹும்லா மலைக்கிராமத்துப் பெற்றோரிடம் காசு வாங்கிக்கொண்டு ஒருவன் கொண்டுவந்து தள்ளிய பிள்ளைகள். கிரெனன் நேபாளத்துக்குத் திரும்பினார். குழந்தைகளின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு ஹும்லாவுக்கு நடந்தார். கிராமம் கிராமமாகப் போய்ப் பெற்றோரைத் தேடிக் கண்டுபிடித்தார். திரும்பிப் போவது என்றால் இது. இல்லத்தின் வாசலில் அவர் பயணம் முடியவில்லை, அங்கிருந்துதான் தொடங்கியது.

வெளிநாட்டுக் கதைகள் நமக்கெதற்கு என்று கேட்க வேண்டாம். வெளிநாட்டவர் தேடி வரும் 'வெளிநாடு' நம் ஊர்தான். தமிழகத்து இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி, மாமல்லபுரத்தைக் களமாகக் கொண்டு வந்த பத்திரிகைச் செய்தியொன்றிலிருந்து 2007இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு பிறந்தது. தீர்ப்பு வர 2017 மே ஆயிற்று. நீதிபதிகள் மதன் லோக்கூரும் தீபக் குப்தாவும் எல்லா இல்லங்களையும் பதிவு செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு குழந்தையும் யார் என்று எழுதி வையுங்கள் என்பதற்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. திருச்சியில், பெண்சிசுக்கொலையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டு ஓர் இல்லத்தில் வளர்ந்த ஏறத்தாழ தொண்ணூறு பெண்களின் பெற்றோர் யார் என்ற கேள்வி, 2015க்குப் பிறகு உயர்நீதிமன்றத்துக்கும் மரபணுச் சோதனைக்கும் போனது.

எங்கள் மேலப்பாளையத்துக்கு வருகிறேன். இங்கே 'அனாதை' என்ற சொல்லுக்கு முன்பே 'எத்தீம்' என்ற சொல் இருந்தது. அரபியின் 'யதீம்'. வாப்பாவை இழந்த, இன்னும் பருவம் எய்தாத பிள்ளை என்று பொருள். உம்மா உயிரோடு இருந்தாலும் அது எத்தீம்தான். எனவே அச்சொல்லுக்குள்ளேயே ஒரு தாய் இருக்கிறாள், மாமன் இருக்கிறான், பெரியத்தா இருக்கிறாள். நபிகள் நாயகமே எத்தீமாகப் பிறந்து, பாட்டனார் வீட்டிலும் பெரிய தகப்பனார் வீட்டிலும் வளர்ந்தவர். எத்தீமை வளர்ப்பவர் அப்பிள்ளையின் தகப்பன் பெயரை மாற்றக்கூடாது, அதன் சொத்தைத் தொடக்கூடாது என்பது மார்க்கம். இந்த 'கஃபாலா' முறையை ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையும் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது. இத்தனை தெளிவான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாம் செய்தது என்ன?

கைத்தறி ஓய்ந்த வீடுகளைப் பீடி தாங்குகிற ஊர் இது. கணவன் இறந்தபின் மடியில் தட்டோடு உட்கார்ந்து, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, ஆயிரக் கணக்கில் பீடிக்கடையில் கொண்டுபோய்ப் போடும் பெண்ணுக்கு மூன்று பிள்ளைகள் என்றால், ஒன்றை விடுதியில் சேர்ப்பது என்பது கணக்கு. அன்பில்லாமை அல்ல. அங்கே சோறும் பள்ளிக்கூடமும் உண்டு. அந்தப் பிள்ளையின் சோற்றுக்கு ஆகும் பணத்தை அதன் வீட்டுக்கே கொடுக்கலாம் என்று ஊரில் எவருக்கும் தோன்றுவதில்லை. தோன்றாததற்குக் காரணமும் இருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்தால் போய்ப் பார்க்க ஒன்றுமிருக்காது. இல்லத்துக்குக் கொடுத்தால் நாற்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து நம் பிரியாணியைச் சாப்பிடுவதைப் பார்க்கலாம். துபாயிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். நெல்லை, பாளையங்கோட்டை நண்பர்கள் சிரிக்க வேண்டாம். திருமண நாளுக்கும் திதிக்கும் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் நீங்கள் செய்வதும் இதுவே. குழந்தை, வந்தவரின் பிள்ளைக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடுகிறது. தன் பிறந்தநாள் அதற்குத் தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. படம் எடுப்பவர்கள் இதையும் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது: 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயரோ படமோ எந்த ஊடகத்திலும் வெளியாவதைத் தடைசெய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதே மாவட்டத்தில் டோனாவூர் இருக்கிறது. களக்காட்டுக்குப் பக்கம், மலையடி. (தேவாலயம் கட்டப் பணம் அனுப்பிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரே ஊருக்கு ஆயிற்று. நன்கொடையாளரின் பெயர் நிலைப்பது நம்மிடம் புதிதல்ல.) அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். 1901இல் கோயில் பணியிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியில் தொடங்கி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். மதமாற்றம், குழந்தைகளைச் சுற்றத்திலிருந்து அறுத்தது, 1909இல் 'லோட்டஸ் பட்ஸ்' நூலில் அவர்களின் படங்களை இங்கிலாந்து வாசகர்களுக்கு அச்சிட்டது என்று அவரோடு எனக்குப் பல வழக்குகள் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் ஊர் திரும்பவே இல்லை. 1931இல் விழுந்து அடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறையிலேயே கிடந்து, 1951 ஜனவரியில் டோனாவூரிலேயே இறந்தார். 'என்னை நினைவிருக்கிறதா?' என்று கேட்கும் நிலை அவருக்கு வரவில்லை. எல்லோரும் அப்படி வாழ்வைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொடுக்க இயலாதவர்கள் அந்தப் பெண்ணின் பாத்திரத்தை இரண்டு மாதத்துக்கு நடிக்க வேண்டாம் என்கிறேன்.

திரும்பி வருவதற்கும் தமிழகத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன், அங்கே அன்னை சத்யா அரசுக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகளை மாற்றலாகிப் போனபின்பும் விடவில்லை. பேரலையில் தனித்துவிடப்பட்ட இரு பெண்குழந்தைகளின் படிப்பை அவரும் அவர் மனைவியும் கவனித்துக்கொண்டார்கள். 2022இல் ஒருவருக்கும், 2025இல் மற்றவருக்கும் திருமணம் நடந்தபோது முன்நின்றார். அதிகாரம் கையில் இருந்தவருக்கு எளிது என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். பதினெட்டு வயது கடந்தபின் அந்தப் பெண்களுக்கு ஓர் ஆள் இருந்தார். இல்லப் பிள்ளைகளின் உண்மையான அனாதைத்தனம் பெரும்பாலும் அந்தப் பதினெட்டாவது வயதில்தான் தொடங்குகிறது. சட்டம் 21 வயது வரை பின்தொடர் உதவிக்கு இடம் தருகிறது. ஆனால் கட்டுரை எழுதுகிறவர்கள் அந்த வயதுக்காரர்களைத் தேடிப் போவதில்லை. மீசை முளைத்தவன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ள மாட்டான்.

'அப்படியென்றால் போகவே கூடாதா, இருக்கிற சிறு ஈரமும் வற்றிவிடாதா' என்று இந்தப் பக்கத்தின் நண்பர்கள் சிலர் கேட்பார்கள். ஈரம் வற்றாது, பாயும் திசை மாறும். மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு வாத்சல்யா நெறிமுறை, குடும்பத்திலேயே வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்திருக்கிறது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் பெண்ணுக்கு இவற்றின் விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று தெரியாது. வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று அவளை அலுவலகம் அலுவலகமாக அலைய விடுவார்கள். உடன் போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். விமானச் சீட்டு எடுத்து ஓராண்டு விடுப்பைச் சேமித்து வருகிறவர், பிள்ளைகளோடு பந்து விளையாடும் அந்த ஒரு வாரத்தில் இதைச் செய்து முடிக்கலாம். பழைய தொண்டர் என்றால், அன்று எடுத்த படங்களைத் தேதியோடு ஓர் உறையில் போட்டு, இன்று வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளையிடமே கொடுக்கலாம். தன் ஐந்து வயது முகத்தின் படம் ஒன்றுகூட இல்லாதவர்கள் அவர்களில் உண்டு. இல்லத்தாரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: இவர்களில் எத்தனை பேருக்குத் தாய் இருக்கிறாள், கடைசியாக அவள் எப்போது வந்தாள்? பதில் வரவில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. 1098 என்ற எண்ணும் இருக்கிறது.