இரட்டை நகரில் யாரைக் கணக்கில் சேர்ப்பது?



பிள்ளைகளை அமெரிக்காவுக்கு மேற்கல்விக்கு அனுப்ப விழையும் பெற்றோர், பல்கலைக்கழகம் தரவரிசையில் எத்தனையாவது இடம் என்று மட்டுமே வினவுகின்றனர். அஃது எந்த ஊரில் உள்ளது, அவ்வூரில் யார் வாழ்கின்றனர் என்று கேட்பார் அரியர். இத்தனைக்கும் 1980ஆம் ஆண்டுகளில் நம் நாட்டு மாணவர் பலர் அரசு உதவிச் சம்பளம் பெற்றுப் பயின்றது அந்நாட்டின் நடுமேற்கு மாநிலங்களில்தான். வகுப்பறையில் நாமும் பெரிதாக மாறுபடவில்லை. ஊரின் பெயர், மக்கள்தொகை, முடிந்தது பாடம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளைக் கேட்க வைப்பதே நிலவியல் என்பது என் கருத்து. இலினோய் மாநிலத்துச் சாம்பெய்ன் - அர்பானா இரட்டை நகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சிக்காகோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். பனிப்பாறைகள் தேய்த்துச் சென்ற தட்டை நிலம். மலையில்லை, பேராறு இல்லை. இன்று கண்ணுக்கெட்டிய தூரம் சோளமும் சோயாவும் விளையும் இந்நிலம், முன்பு கோடை வரும்வரை நீர் தேங்கிக் கிடந்த புல்வெளி. கிக்கப்பூ முதலிய பழங்குடியினரின் மண் அது. 1819இல் ஓர் உடன்படிக்கையின் வழி அவர்களிடமிருந்து கைமாறியது. பின்னர் வந்த குடியேறிகள் புல்வெளியை அஞ்சி, மரமும் நீரும் கிடைத்த தோப்போரங்களிலேயே குடிசை போட்டனர். 1833இல் மாவட்டம் அமைந்தபோது அவ்வாறான ஒரு தோப்பின் அருகே தலைமையூராகத் தோன்றியதே அர்பானா. மாவட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும் ஒகாயோ மாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்த பிறகே அந்தக் கரிசல் மண் செல்வமாயிற்று.

1854இல் இலினோய் சென்ட்ரல் இருப்புப்பாதை வந்தது. வந்தது அர்பானாவுக்குள் அன்று. மேற்கே இரண்டு மைல் தள்ளி! நிலையத்தைச் சுற்றி மேற்கு அர்பானா என்றொரு குடியிருப்பு முளைத்தது. 1860இல் அது சாம்பெய்ன் எனத் தனிப்பெயர் பூண்டது. பிறகு தாயூரையே விஞ்சி வளர்ந்தது. தோட்டப்புறங்களில் பிறந்த நமக்கு இருப்புப்பாதை ஓர் ஊரை ஆக்குவதும் அழிப்பதும் புதிய செய்தியன்று.

இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் பல்கலைக்கழகம் அமைந்தது. 1862ஆம் ஆண்டு மோரில் சட்டத்தின்படி நடுவண் அரசு வழங்கிய நிலத்தின் வருவாயைக் கொண்டு, வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்க 1867இல் தொடங்கப்பெற்றது அது. அக்கல்வி நிலையத்தைப் பெற மாவட்டங்களுக்கிடையே கடும் போட்டி நிலவியது. சாம்பெய்ன் மாவட்டம் கட்டடம், நிலம், பணம் ஆகியவற்றோடு இருப்புப்பாதைச் சரக்குக் கட்டணச் சலுகையையும் முன்வைத்து வென்றது.

இனி எண்ணுக்கு வருவோம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சாம்பெய்ன் 88,302, அர்பானா 38,336. சாம்பெய்ன், பியாட் எனும் இரு மாவட்டங்களையும் சேர்த்த பெருநகர வட்டாரம் 222,538. பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்றோரோ 55,000க்கும் மேல். அவருள் இணையவழிப் பயில்வோரும் உண்டு. ஆக, ஊரில் காணும் முகங்களில் பெரும்பகுதி நான்கைந்து ஆண்டுகளில் மாறிவிடும்.

அமெரிக்க விதிப்படி மாணவர் பெற்றோர் வீட்டில் அன்று, கல்லூரி ஊரிலேயே எண்ணப்பட வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாள் கணக்கெடுப்பு நாள். பெருந்தொற்றால் அதற்குச் சில கிழமைகள் முன்பே வகுப்புகள் இணையத்துக்கு மாறி, மாணவர் பலர் ஊர் திரும்பியிருந்தனர். விடுதியில் இருந்தோரின் கணக்கைப் பல்கலைக்கழகங்கள் தரலாம். வாடகை வீட்டைப் பூட்டிச் சென்றவரின் கணக்கை யார் தருவது? 2010இல் 41,250 பேர் இருந்த அர்பானா, 2020இல் 2,914 பேர் குறைவாகக் காட்டப்பட்டது. எண்ணிக்கை விடுபட்டதென்று அந்நாட்டின் பல்கலைக்கழக ஊர்கள் சில முறையிட்டதில் வியப்பில்லை. தலை குறைந்தால் அரசு மானியம் குறையும். சாலையையும் பேருந்தையும் பயன்படுத்துவோர் குறைவதில்லையே.

வறுமைக் கணக்கில் வேறொரு விந்தை உண்டு. பல்கலைக்கழக விடுதியில் தங்கும் மாணவர் வறுமைக் கணக்கில் சேர்க்கப்படார். வெளியே அறை எடுத்துத் தங்குபவர் சேர்க்கப்படுவர். வருமானமில்லாத இருபது வயது இளைஞர், வசதியான வீட்டுப் பிள்ளையாயினும், தாளில் ஏழையாகிறார். இதனால் ஊரின் வறுமை விகிதம் உயர்ந்து தெரியும். கொடுமை யாதெனில், சாம்பெய்ன் நகரின் வடபகுதியில் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டு வாழ்ந்த கறுப்பின மக்களின் மெய்யான வறுமை, இந்தத் தாள் வறுமைக்குள் மறைந்துபோகும். 'அங்கே மாணவர்தாமே, வேறென்ன' என்று கடந்துவிடுவது எளிது. மாணவர் தேர்ச்சி பெற்றுப் போய்விடுவர், இவர்கள் போகமாட்டார்கள்.

ஆகவே, மாணவரை அவர் வாழும் ஊரில் எண்ணுவதே முறை. வறுமையை அளக்கும்போது மட்டும் அவரைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பேன். இதை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளும் புரிந்துகொள்வர். தஞ்சோங் மாலிமையும் கம்பாரையும் காட்டி, விடுமுறையில் அங்கே கடைத்தெரு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

மண்ணை மறவாத ஊர் அது என்பதற்கு ஒரு செய்தி. பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே 1876 முதல் சோள ஆய்வு வயல் ஒன்று உள்ளது. அதன்மேல் நிழல் விழலாகாது என்பதற்காகவே, பக்கத்தில் இளங்கலை மாணவர்க்குக் கட்டிய நூலகத்தை 1969இல் நிலத்துக்கடியில் அமைத்தனர்.