கணினியும் மாணவர் சிந்தனையும்

கணினி மாணவனுக்குக் கற்பிப்பதா, மாணவன் கணினிக்குக் கற்பிப்பதா? பின்னதே பெரும்பயன் தரும் என்பது என் துணிபு.

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சீமோர் பாப்பேர்ட்டும் அவர்தம் தோழரும் ‘லோகோ’ என்னும் கணினிமொழியை ஆக்கினர். அதில் சிறுவன் இடும் கட்டளைப்படி ‘ஆமை’ ஒன்று கோடு வரையும். சமபக்க முக்கோணம் வரையப் புகுவோன், முனைதோறும் 60 பாகை திரும்புமாறு பணிப்பான், கோடுகள் கூடா. காரணத்தை ஆராய்ந்து, திரும்பவேண்டியது 120 பாகை எனத் தானே காண்பான். அப்பிழையே அவனுக்கு ஆசானாகின்றது.

பல்லேகலவில் யான் கற்பிக்கும் வகுப்பிலோ, கணினி எழுதிய கட்டுரையைப் படியெடுத்து வருவோர் சிலர் உளர். எழுத்துப்பிழை காணேன், ஆயினும், “இவ்வாக்கியத்தின் பொருள் யாது?” என வினவின் விடையில்லை.

பழைய மாணவர்களே! விழா நினைவாகக் கணினிகளை நல்குவீராயின், வாரத்தில் ஒரு மணி நேரம் மாணவர் அருகமர்ந்து, “ஏன்?” என்று வினவவும் வருவீராக.