முகப்பு மட்டுமா வீடு?

ஜார்ஜ்டவுனுக்குச் சுற்றுலா செல்பவர்கள் பழைய வரிசை வீடுகளின் முன் நின்று படம் எடுக்காமல் திரும்புவதில்லை. நீலச் சன்னல்களும் மஞ்சள் சுவரும் பூவேலைப்பாடுகளும் படத்தில் அழகாகவே இருக்கின்றன. 2008-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ அந்நகரையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்த பிறகு இவ்வழகுக்கு மதிப்பும் கூடியது. ஆனால், முகப்புக்குப் புது வண்ணம் பூசிவிட்டால் வீட்டையே காப்பாற்றிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் தவறு என்பதே என் கருத்து.

ஏன் தவறு என்பதை அறிய, அவ்வீடு கட்டப்பட்ட விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

பழைய வரிசை வீட்டின் அகலம் குறைவு; நீளமோ மிக அதிகம். சாலையிலிருந்து பார்த்தால் ஐந்தாறு மீட்டர்தான் தெரியும். உள்ளே நடந்தால் அகலத்தைப்போல் ஐந்து மடங்குகூடப் பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாருடன் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சுவர்கள். அவற்றில் சன்னல் வைக்க வழியில்லை. அப்படியானால் நடுவீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும்? வானம் பார்த்த முற்றத்திலிருந்து வரும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே எழும். முன்பக்கச் சாய்சட்டச் சன்னல்கள் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். மழைநீர் முற்றத்துக் கல்தரையில் விழுந்து வடிந்து போகும். மின்விசிறி இல்லாத காலத்தில் நம் வெயிலையும் மழையையும் தாங்கி வாழ இந்த ஏற்பாடே போதுமானதாக இருந்தது.

வீட்டின் முன்னால் 'காக்கி லீமா' எனப்படும் ஐந்தடிப் பாதை ஓடும். 1822-ஆம் ஆண்டு சிங்கப்பூர் நகரைத் திட்டமிட்டபோது, ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையுடன் கூடிய நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டுமென ராஃபிள்ஸ் கட்டளையிட்டார். வீடு தனியாருடையது, அதன் முன்பகுதியோ வழிப்போக்கர் அனைவருக்கும் நிழல் தரும். இன்று பல இடங்களில் அந்நடைபாதையை மோட்டார் சைக்கிள்களும் சரக்குப் பெட்டிகளும் அடைத்துக்கொண்டிருப்பது வேறு கதை.

இனி, கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கு வருவோம். அக்காலச் செங்கற்சுவர்களின் அடியில் நிலத்தின் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் இல்லை. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதைப்போல் செங்கல் ஈரத்தை மேலே இழுக்கும். இதைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் 'ஓதம் காத்தல்' என்பார்கள். ஆயினும், அவ்வீடுகள் நூறாண்டுகளுக்கு மேலாக நின்றதற்குக் காரணம் சுண்ணாம்புச் சாந்து. அதில் நுண்ணிய துளைகள் உண்டு. சுவர் உறிஞ்சிய ஈரம் அத்துளைகள் வழியே ஆவியாகிவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதனால்தான். (தமிழின் 'சுண்ணாம்பு' ஆங்கிலத்தில் 'சுனம்' என்றே வழங்கியது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவர்களுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்த 'மதராஸ் சுனம்' பூசப்பட்டது.)

சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் இக்காலத்தில் என்ன செய்கிறார்கள்? சிமெண்டைப் பூசுகிறார்கள். அதன்மேல் நீர் புகாத வண்ணத்தையும் அடிக்கிறார்கள். ஒரு மாதத்திற்குச் சுவர் புத்தம் புதியதாகத் தெரியும். ஆனால், நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும்; வழி தேடி இன்னும் மேலே ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதை மாவாக்கும். பிறகு வண்ணம் கொப்புளிக்கும். சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாக விழும். விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டே விழும். பழுதுபார்ப்பதாக எண்ணிச் செய்த வேலையே பழுதைப் பெரிதாக்குகிறது.

முற்றத்தை மூடுவதும் இத்தகையதே. மழைத் தொல்லை வேண்டாம், கடைக்கு இடம் வேண்டும் என்று முற்றத்தின்மேல் கூரை போட்டுவிடுகிறார்கள். காற்றோட்டம் நின்றுவிடுகிறது. பொதுச் சுவர்களில் செருகப்பட்ட மர உத்திரங்களின் முனைகள் ஈரத்தில் ஊறுகின்றன. கறையானுக்கு அது விருந்து. மேல்மாடித் தரையின் பாரம் முழுவதும் அம்முனைகளில்தான் தங்கியிருக்கிறது. வெளியில் நின்று படம் எடுப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

"சுண்ணாம்பு வேலைக்குச் செலவு அதிகம், நாளும் அதிகம், ஆளும் கிடைப்பதில்லை" என்று வீட்டு உரிமையாளர்கள் சொல்வதுண்டு. இம்மறுப்பில் நியாயம் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைக்க வேண்டும். பூசிய பிறகும், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லத்தான் இறுகும். வேலை தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. ஆனாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிமெண்டைக் கொத்தி எடுத்து மீண்டும் பூசும் செலவையும், நொறுங்கிய செங்கல்லை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்தால் எது மலிவு? இக்கேள்வியை உரிமையாளர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

வீடுகளின் இன்றைய நிலைக்குக் கொத்து வேலையை மட்டும் குறைகூற முடியாது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உயராமல் வைத்திருந்தது. அதனால் எளிய குடும்பங்கள் நகரின் நடுவிலேயே பல்லாண்டுகள் வாழ முடிந்தது. அதே சமயம், சொற்ப வாடகை பெற்ற உரிமையாளருக்கு ஓட்டை மாற்றவும் மனமில்லை. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவும் எளிதில் முடியவில்லை. ஜார்ஜ்டவுனில் இத்தனை பழைய வீடுகள் எஞ்சியதற்கும், அவற்றுள் பல நலிந்து கிடந்ததற்கும் ஒரே சட்டம்தான் காரணம்! 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அக்கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. வாடகை உயர்ந்தது, குடியிருந்தவர்கள் பலர் வெளியேறினர். வெற்று வீடுகள் சிலவற்றில் உழவாரன் குருவிகள் வளர்க்கப்பட்டன. கூடு விற்பனையில் நல்ல வருமானம். ஆனால், குருவிகளுக்காகச் சன்னல்களை அடைத்து அறைகளை ஈரமாகவே வைத்தால் மரமும் சுவரும் என்ன ஆகும்? பின்னர் அரசு அத்தொழிலைப் பாரம்பரியப் பகுதியிலிருந்து அகற்ற நடவடிக்கை எடுத்தது.

ஆள் குடியிருக்கும் வீடு மெதுவாகத்தான் கெடும். இரவில் ஓடு நகர்ந்து தண்ணீர் சொட்டினால் மறுநாளே யாராவது ஏறிப் பார்ப்பார்கள். சுவர் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்தால் கையாலேயே பிடுங்கிவிடுவார்கள். ஆளில்லாத வீட்டில் அதே கன்று ஐந்தாண்டில் சுவரைப் பிளக்கும். ஆகவே, தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வருவதை நான் எதிர்க்கவில்லை. அவையும் வீட்டுக்கு ஆள் வைத்தாற்போலத்தான். எனினும், தெரு முழுவதும் அவையே ஆகி, குடும்பங்கள் இல்லாமற்போவது எனக்கு உவப்பில்லை.

2009-இல் தோன்றிய திங்க் சிட்டி நிறுவனம் ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க மானியம் வழங்கியிருக்கிறது. இத்தகைய உதவி இன்னும் பெருக வேண்டும். வழங்கும்போது ஒரு வரிசைமுறையும் வேண்டும். முதல் வெள்ளி கூரைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் போகட்டும். அடுத்தது உத்திரங்களுக்கும் சுண்ணாம்புச் சுவர்களுக்கும். குடியிருக்கும் குடும்பத்தை வெளியேற்றாமல் பழுதுபார்க்கும் உரிமையாளருக்கு முன்னுரிமை தரலாம். முகப்புக்கு வண்ணம் பூசும் செலவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.