எதனால் மௌத்தானார்?

ஜனாஸா வீட்டுக்குப் போகும் நாம் முதலில் கேட்பது, "எதனால் மௌத்தானார்?" என்றுதான். மாரடைப்பு, சீனி வருத்தம் என்று பதில் வந்தால் ஆறுதல் சொல்கிறோம். பதில் சொல்ல வீட்டார் தயங்கினால், நாமே ஒரு நோயின் பெயரை வைத்துவிடுகிறோம். இறந்தவர் வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர் என்றால் கேட்கவே வேண்டாம். அது எயிட்ஸாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்தக் கேள்வியை நாம் அடியோடு விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

"பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தானே கேட்கிறோம்" என்று பெற்றோர் சொல்லலாம். 2016இல் குருநாகல் மாவட்டத்தில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். தந்தை எயிட்ஸால் இறந்தார் என்ற வதந்தியால் ஒரு சிறுவன் பாடசாலைக்குப் போக முடியாமல் போனது. மற்றப் பெற்றோர் எதிர்த்து நின்றார்கள். அவனுக்கோ அந்தக் கிருமியே இல்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. கிருமி இருந்திருந்தாலும் அவனால் யாருக்கும் ஆபத்து வந்திருக்காது. ஒரே வாங்கில் இருப்பதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, கைகொடுப்பதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. மையித்தைக் குளிப்பாட்டுவதற்கும் வழமையான கவனமும் கையுறையும் போதும்.

இந்த நோயை ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் வைத்தியர் கமலிகா அபேரத்னவை அறிந்துகொள்ள வேண்டும். குழந்தை வைத்திய நிபுணரான அவருக்கு, விபத்தொன்றின் பின் ஏற்றிய இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றியது. அவர் அதை மறைக்கவில்லை. நாட்டின் முன் வெளிப்படையாகச் சொன்னார். 2004இல் மறையும்வரை தன்னைப் போன்றவர்களுக்காகப் பாடுபட்டார். அவருக்கு இருந்த படிப்பும் துணிவும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

எங்கள் நோட்டன் பிரிட்ஜில் ஒருவர் ஹட்டனுக்கு பஸ் ஏறினாலே "எங்கே போறீங்க?" என்று நான்கு பேர் கேட்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் யார் துணிந்து இரத்தப் பரிசோதனைக்குப் போவார்? என்னோடு படித்த ஒரு தோட்டத்துப் பிள்ளையின் தாய், வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்து சில மாதங்களில் இறந்தார். லயத்திலும் கடைவீதியிலும் ஒரே குசுகுசுப்பு. ஒரு மாதம் கழித்து அவள் வகுப்புக்கு வந்தபோது, அவளோடு சோற்றைப் பகிர்ந்துகொள்ள இரண்டு பேர்தான் இருந்தோம். அந்தத் தாய்க்கு என்ன நோய் என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. தாயை இழந்தவளுக்கு வாய்விட்டு அழும் உரிமையையும் ஊர் பறித்துக்கொண்டது என்பது மட்டும் தெரியும்.

உலகில் எயிட்ஸால் இறந்தோர் தொகை 4 கோடியைத் தாண்டிவிட்டது. ஆனால் இன்று எச்.ஐ.வி. மரண தண்டனை அல்ல. மருந்தை ஒழுங்காக உட்கொள்பவர் நீண்டகாலம் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால் வாழ்க்கைத் துணைக்கும் தொற்றாது. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விபரங்களும் இரகசியமாகப் பேணப்படும்.

2019இல் இலங்கை, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றைப் பெற்றது. இது எப்படி முடிந்தது? கர்ப்பிணித் தாய்மார் எல்லோருக்கும் கிளினிக்கில் மற்றப் பரிசோதனைகளோடு இதையும் செய்தார்கள். எல்லோருக்கும் பொதுவானதால் யாரும் வெட்கப்படவில்லை. வெட்கம் இல்லாத இடத்தில் நோயை வெல்ல முடிந்திருக்கிறது. ஊர்ப்பேச்சுக்குப் பயந்து மறைக்கும் இடத்தில்தான் உயிர்கள் வீணாகப் போகின்றன.

ஆகவே, அன்பான பெற்றோரே, தோழியரே, மரண வீட்டில் நோயின் பெயரை விசாரிக்காதீர்கள். அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோங்கள். அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் உண்ணுங்கள். அந்த வீட்டுப் பிள்ளை மறுபடி வகுப்புக்கு வரும் நாளில், பக்கத்தில் உங்கள் பிள்ளையை இருக்கச் சொல்லுங்கள்.