கோட்டுக்கு வெளியே நிற்பவர்



சென்ற மாதம் எங்கள் பள்ளித் திடலில் பையன்கள் பந்து உதைத்துக் கொண்டிருந்தார்கள். வேலி ஓரம் நின்ற ஒரு தகப்பனார் என்னைக் கேட்டார்: "வாத்தியாரையா, ஓடுவதும் உதைப்பதும் பிள்ளைகள். விசில் ஊதிக் கத்துகிறவருக்கு அப்படி என்ன வேலை?"

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் கே. ராஜகோபால் நினைவுக்கு வந்தார். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நம் இனத்தவரான அவர், இளமையில் நாட்டுக்காகக் காற்பந்து ஆடியவர். பிறகு பயிற்றுநரானார். 2009-இல் தேசிய அணியின் பொறுப்பு அவரிடம் வந்தபோது, அந்த அணியை நம்பிச் சட்டை வாங்கிப் போட ஆளில்லாத காலம். அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவருடைய இளம் அணி வியட்நாமை 1-0 என வென்றது. 1989-க்குப் பிறகு, 20 ஆண்டுகள் கழித்து நமக்குக் கிடைத்த தங்கம் அது.

நான் சொல்ல வந்தது அடுத்த ஆண்டுக் கதை. 2010 சுசூகிக் கிண்ணத்தின் முதல் ஆட்டம். ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1 என உதை வாங்கினோம். மறுநாள் ஒட்டுக்கடையில் ஒவ்வொருவரும் ஒரு பயிற்றுநர்தான்! நானும் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே பிள்ளைகள்தாம் தாய்லாந்தோடு சமநிலை கண்டார்கள். லாவோஸை 5-1 என வென்றார்கள். அரையிறுதியில் வியட்நாமை வெளியேற்றினார்கள். இறுதிச் சுற்றில் எதிரே வந்தது அதே இந்தோனேசியா. டிசம்பர் 26, புக்கிட் ஜாலில்: 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் எதிரணிக்குக் கிடைத்த பெனால்டியை 21 வயது கோல் காவலர் கைருல் பாமி தடுத்துவிட்டார். அந்த ஆட்டத்தில் 2-1 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் முதன்முறையாக நம் கைக்கு வந்தது. டிசம்பர் 31 நாடு முழுக்கப் பொது விடுமுறை.

2012-இல் அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றதும் மறுபடி ஒட்டுக்கடைப் பேச்சு. 2013-ஓடு அவர் பொறுப்பும் முடிந்தது. வென்ற நாளில் கோல் அடித்தவரைத் தோளில் தூக்குகிறோம். தோற்ற நாளில்தான் பயிற்றுநரின் பெயரைத் தேடுகிறோம்.

எனக்கு இது வலிப்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி அணியை ஒரு போட்டிக்கு அழைத்துச் சென்றேன். முதல் ஆட்டத்திலேயே ஆறு கோல் வாங்கினோம். திரும்பும் வழி நெடுக வேனில் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அடுத்த பயிற்சிக்கு மூன்று பேர் வரவில்லை. அதில் ஒருவன் பிறகு பந்தைத் தொடவே இல்லை. 5-1 வாங்கிய அந்த இரவு ராஜகோபால் தம் பிள்ளைகளிடம் என்ன பேசியிருப்பார் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

இதையெல்லாம் அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டார். இப்போது மாலையில் செம்பனைக் காட்டு வேலை முடிந்ததும் திடலுக்கு வந்துவிடுகிறார். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, வேலி தாண்டும் பந்துகளை எடுத்துப் போடுகிறார். கத்துவது என்னவோ என்னைவிட அதிகம்.