கிரியேட்டினின் மட்டும் போதாது

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்று சர்க்கரை நோயாளிகள் பலர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். ஆனால், சிறுநீரகத்தின் செயல்திறன் ஏறத்தாழ பாதி குறையும்வரைகூட அந்த எண் இயல்பு வரம்புக்குள்ளேயே இருக்கக்கூடும். சர்க்கரை நோயில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பாதிப்பைக் காட்டிக்கொடுப்பது, சிறுநீரில் கசியும் புரதம்தான்.

இதைத் துல்லியமாக அளக்க ஒரு காலத்தில் 24 மணி நேரச் சிறுநீரையும் கேனில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். கூலி வேலைக்குப் போகிறவரால் ஆகிற காரியமா அது? நிறம் மாறும் பட்டையை நனைத்துப் பார்ப்பது எளிது. ஆனால், நிறையத் தண்ணீர் குடித்தவரிடம் அது ஏமாந்துபோகும்.

புரதம் - கிரியேட்டினின் விகிதம் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. தசையிலிருந்து உருவாகும் கிரியேட்டினின் நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராகச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஒருவரின் காலைச் சிறுநீரில் டெசிலிட்டருக்குப் புரதம் 100 மி.கி., கிரியேட்டினின் 200 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சொம்புத் தண்ணீருக்குப் பிறகு அவை 25, 50 என நீர்த்துப்போகலாம். இரண்டு வேளையும் விகிதம் 0.5தான். அதாவது, நாளொன்றுக்குச் சுமார் அரை கிராம் புரதம் வீணாகிறது. பொதுவாக 0.2-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 3.5-ஐத் தாண்டினால் கடுமையான கசிவு. சர்க்கரை நோயாளிகளுக்கு ஆல்புமின் என்ற புரதத்தை மட்டும் கணக்கிடும் விகிதம், பாதிப்பை இன்னும் முன்னதாகவே பிடித்துவிடும்.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவை புரதத்தைத் தற்காலிகமாகக் கூட்டும்; அதனால் மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். தசை குறைந்த முதியவருக்கு விகிதம் சற்றுக் கூடுதலாகவே வரும். இலங்கையின் வடமத்திய மாகாண விவசாயிகளைத் தாக்கிவரும், காரணம் பிடிபடாத சிறுநீரக நோயிலோ பெரும்பாலும் புரதக் கசிவே அதிகம் இருப்பதில்லை. ஆகவே ரத்தம், சிறுநீர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

வீட்டு வாசலிலேயே சிறுநீரைச் சோதிப்பது நமக்குப் புதிதல்ல. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, 1990-களின் பிற்பகுதியிலேயே கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னையை அடுத்த கிராமங்களில் இதைச் செய்துகாட்டினார். பயிற்சி பெற்ற பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டதும் கலங்கினால், புரதம் இருக்கிறது என்று பொருள். நோய் கண்டவர்களுக்கு விலை குறைந்த மாத்திரைகளே கொடுக்கப்பட்டன.

இன்று வசதிகள் பெருகிவிட்டன. 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. புரதக் கசிவைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரைகள் மலிவாகக் கிடைக்கின்றன. சிறுநீரகத்தைக் காக்கும் டாபாகிளிஃப்ளோசினும் காப்புரிமை முடிந்தபின் விலை இறங்கிவிட்டது. வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்க வேண்டிய நிலையைப் பலருக்கு இவை தள்ளிப்போட முடியும். நோயை நேரத்தில் கண்டுபிடித்தால்!

எனவே, சிகிச்சையில் உள்ள சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஆல்புமின் விகிதப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்கள் கட்டாயமாக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பட்டையில் புரதம் தெரிந்தால், அடுத்த படியாகப் புரத விகிதம் பார்க்க வேண்டும். நோயாளியின் நோட்டில் சர்க்கரை அளவுக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணும் ஏற வேண்டும்.